சாக்குத் தையல்

நாற்பத்து நான்கு பைகளையும் தைத்து முடித்த அன்று ருபிங்குக்குத் தன்மேலேயே கொஞ்சம் கர்வமாக இருந்தது. பள்ளிப் பதிவேட்டில் ருஃபினா, எல்லோரும் கூப்பிடுவது ருபிங். பதினாறு வயது. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. ஆனால் சான் தெல்மோ அரசுப் பள்ளியின் தையல் அறையில் அவள் ஊசிக்கு ஈடு கொடுக்க ஆளில்லை. பைகள் ஒன்றும் பெரிய வேலையில்லை. ஒரு சாண் நீளம், உள்ளங்கையைவிடச் சற்று அகலம், வாயில் சுருக்குப் போட ஒரு நாடா. சின்னதும் பெரியதுமாக இருபத்திரண்டு ஜோடி.

"இதெல்லாம் எதுக்கு அக்கா?" என்று கேட்டாள்.

தையல் அறைக்குப் பொறுப்பான சாபெல் அக்கா வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினாள். "சிப்பிப் பித்தான் போட்டு வைக்கவாம். ஆபீஸ்லருந்து உத்தரவு. நமக்கென்னடி, தைன்னா தைக்கணும்."

"பித்தானுக்கு எதுக்கு ஜோடி ஜோடியா?"

"இந்த வாய்க்கு ஒரு பை தைச்சா தேவலை. பேசாம வேலையப் பாரு."

ருபிங் சிரித்துக்கொண்டே ஒரு பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டுவரை கச்சிதமாகப் போய் நின்றது. பித்தானுக்கு இத்தனை கச்சிதம் எதற்கு என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அதற்காகப் பிறகு அவள் தன்னையே திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் காலை வகுப்பு முடிந்து மணி அடித்ததும், வழக்கம்போல் தாழ்வாரத்தின் மூன்றாவது தூணடிக்குப் போய் நின்று வலது உள்ளங்கையை நீட்டினாள். அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு அன்செல்மா வருவாள். அவளுக்குக் காது கேட்காது. ஏழு வயதில் ஒரு காய்ச்சல் வந்து கொண்டுபோய்விட்டது. இருவரும் தோழிகளாகிப் பத்து வருடம் ஆகப்போகிறது. அன்செல்மாவின் இடது குதிகால் தரையை லேசாகத் தேய்க்கும். அந்தச் சத்தம் வந்தது. நீட்டிய கையில் விரல் வரவில்லை. ஏதோ மொத்தையாக, துணி சுற்றிய முட்டியாக ஒன்று வந்து இடித்தது. ருபிங் அதைப் பிடித்துத் தடவினாள். நாடா, சுருக்கு, ஓரத்தில் அரிசி அரிசியாக நெருக்கமான தையல். தான் போட்ட தையல் தனக்குத் தெரியாதா?

துணிக்குள் அன்செல்மாவின் விரல்கள் எழுத்துக்காகத் துடித்தன. ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. ருபிங் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இந்தப் பள்ளியின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், பிலிப்பைன்ஸை அமெரிக்கர்கள் ஆண்டுகொண்டிருந்த நாளில், அரசாங்கம் பெரிய மனது பண்ணி இதை ஆரம்பித்தது. கண் தெரியாதவர்களுக்கு ஒன்று, காது கேட்காதவர்களுக்கு ஒன்று என்று இரண்டு கட்டடம் கட்டுகிற அளவுக்கு அந்த மனது பெரிதாகவில்லை. இரண்டு கூட்டத்தையும் ஒரே கூரைக்கடியில் கொண்டுவந்து கொட்டியது. ஒருத்தி கையாட்டினால் மற்றவளுக்குத் தெரியாது. மற்றவள் கூப்பிட்டால் இவளுக்குக் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் உப்பு கேட்கக்கூட வழியில்லை. பெரியவர்கள் இதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்தது பிள்ளைகள்தான். முதல் வருடமே எவளோ ஒருத்தி எவளோ ஒருத்தியின் உள்ளங்கையில் விரலால் எழுதினாள். கண் தெரியாதவர்கள் மரத்தில் செதுக்கிய எழுத்துகளைத் தடவி வடிவம் கற்றுக்கொண்டார்கள். காது கேட்காதவர்கள் வேகம் கற்றுக்கொடுத்தார்கள். யாரும் நடத்தாத இந்தப் பாடத்தில் மட்டும் அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளைகூடத் தோற்றதில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் போட வேண்டும் என்பதால் உள்ளங்கையில் வளவளப்பு கிடையாது. நறுக்குத் தெறித்த மாதிரி நாலு சொல்லில் முடியும். சண்டையும் அப்படித்தான், சமாதானமும் அப்படித்தான்.

அதற்குத்தான் இப்போது பை தைத்துப் பூட்டியாகிவிட்டது. தைத்தது ருபிங்.

அவள் நேராகத் தலைமை ஆசிரியரின் அறைக்குப் போனாள். மொந்தானோ சார் எட்டு மாதம் அமெரிக்காவில் பயிற்சி எடுத்துக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். காது கேட்காத பிள்ளைகள் வாயால்தான் பேச வேண்டும், கைச்சைகை பேச்சைக் கெடுக்கிறது, ஆகவே காலை மணியிலிருந்து மாலை மணிவரை கைகள் பைக்குள் இருக்க வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த புது முறை. சாப்பாட்டுக்கும் அது முடிந்து தட்டு கழுவுவதற்கும் மட்டும் அவிழ்த்துவிடுவார்கள். இந்த முறை முதலில் பெண் பிள்ளைகளுக்கு, அடுத்து ஆண் பிள்ளைகளுக்கு.

"சார், நான் தைச்ச பையெல்லாம் எனக்குத் திருப்பி வேணும்."

"யாரு, ருஃபினாவா? வா வா. பிரமாதமான தையல்மா. அதுங்களும் காலையிலிருந்து கடிச்சு இழுத்துப் பாக்குதுங்க, ஒண்ணுகூடப் பிரியல."

"பித்தானுக்குன்னு சொல்லித் தைக்க வெச்சீங்க."

"காரணம் சொன்னா தைச்சிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் ருபிங்குக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "இதோ பாரு, நான் என்ன ராட்சசனா? அன்செல்மா நாளைக்கு இந்த வாசலைத் தாண்டிப் போறா. மீன் கடையில எவன் அவளுக்கு உள்ளங்கையை நீட்டிட்டு நிக்கப் போறான்? எல்லாம் அதுங்க நல்லதுக்குத்தான்."

"எனக்குக் கண்ணு தெரியாது சார். என் கையைக் கட்டிப் போட்டுட்டு, பாரு பாருன்னா எனக்குப் பார்வை வந்துடுமா?"

மேசையில் பென்சில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"வாய் நீளுது. பரவாயில்ல. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. வர்ற பதினஞ்சாம் தேதி மணிலாவிலிருந்து செனட்டர்கள் வர்றாங்க. இந்தப் பள்ளிக்கூடத்தை வெச்சுக்கிறதா, மூடுறதான்னு பாத்துட்டுப் போக. செவிட்டுப் பிள்ளைங்க பேசுறதைக் காட்டினாத்தான் இது நிலைக்கும். இல்லேன்னா எல்லாரும் அவங்கவங்க வீட்டு அடுப்பு மூலைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். உனக்கு அந்த மூலை ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. ஆறு வயதுவரை அவள் உலகமே அடுப்புக்குப் பின்னால் இரண்டு முழம் அகலத்தில்தான் இருந்தது. தடுக்கி விழுவாள் என்று அங்கேயே உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

"புதுசா வெள்ளைத் துணியில இன்னொரு இருபத்திரண்டு ஜோடி தைச்சுக் குடு. மேடையில கையெல்லாம் பைக்குள்ள இருக்கறது சபைக்குத் தெரியணும். சைகை இல்ல, ஏமாத்து இல்ல, சுத்தமான பேச்சுன்னு தெரியணும். கெட்டித் தையலா இருக்கட்டும். ஏதாவது குறும்பு பண்ணினே, சனிக்கிழமை லாரியில மூட்டையோட ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவேன்."

மதியம் தட்டு கழுவும் தொட்டியருகே கைகள் அவிழ்ந்திருந்த நேரத்தில், ஈரக் கையை ஈரக் கையில் வைத்து அன்செல்மா எழுதினாள். "நீ தைச்சியா?"

"ஆமா. தெரியாம."

அன்செல்மா மறுபடி எழுதினாள். "நிதா அழுதா. மூக்கு துடைக்க முடியல." நிதா கூட்டத்திலேயே சின்னவள், எட்டு வயது, காது கேட்காது. கையில் அவள் அடிக்கும் அரட்டைக்குப் பள்ளியே சிரிக்கும்.

ருபிங்குக்கு அந்த இடத்தில்தான் யோசனை வந்தது. அவள் அம்மா துறைமுகத்தில் ஒரு ரொட்டிக் கிடங்கில் வேலை பார்த்தவள். மாவுச் சாக்குகளைப் பிரித்துத் துவைத்து வீட்டில் எல்லோருக்கும் உள்ளாடை தைப்பாள். ஊரே அப்படித்தான் உடுத்தியது. பின்பக்கம் மாவு ஆலையின் முத்திரை இல்லாத பிள்ளை அந்தத் தெருவில் கிடையாது. சாக்கின் வாயில் போட்டிருக்கும் தையல் ஒரு தனி ஜாதி. கண்ணி கண்ணியாகக் கோத்துப் போட்டிருப்பார்கள். எவ்வளவு முரட்டுத்தனமாக இழுத்தாலும் தாங்கும். ஆனால் கடைசிக் கண்ணியின் நுனியைக் கண்டுபிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், முழுத் தையலும் சர்ரென்று ஒரே நூலாகக் கையோடு வந்துவிடும். அந்த நுனியை வீட்டில் எல்லோரையும்விட வேகமாகக் கண்டுபிடித்தவள் ருபிங்தான். ஒரு பக்கம் பார்த்தால் அதுவும் சாதாரணத் தையல்போல நேர்க்கோடாகத்தான் இருக்கும். கண்ணியெல்லாம் மறுபக்கம்.

"புதுப் பை. சாக்குத் தையல். பல்லால இழு. பிரியும்," என்று எழுதினாள்.

"எப்ப?"

"மேடையில. நான் மிதிப்பேன். மூணு தரம்."

மேடை வெறும் பலகை. காது கேட்காத பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிடுவது தரையை மிதித்துத்தான். அதிர்வு காலில் ஏறும். கண் தெரியாத பெண்கள் அந்தத் தடதடப்பைக் கேட்டு எத்தனை முறை அரண்டு திட்டியிருக்கிறார்கள். இப்போது அது உதவப் போகிறது.

"பள்ளி மூடிட்டா?" என்று அன்செல்மா கேட்டாள்.

ருபிங்குக்கு அடுப்பு மூலை நினைவில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு முன்னால் அன்செல்மாவே எழுதிவிட்டாள். "கை இல்லாத பள்ளி வேணாம். எல்லார்கிட்டயும் சொல்றேன். என்னுதும் சாக்குத் தையல்தானே?"

"ஆமா," என்று ருபிங் எழுதினாள்.

அது பொய். அன்செல்மாவுக்குத்தான் ஏழு வயதுவரை கேட்ட ஞாபகத்தில் பேச்சு வரும். மேடையில் பேசப் போவதும் அவள்தான். நன்றாகப் பேசினால் ஜூன் மாதம் அவளைத் துணை ஆசிரியையாக வைத்துக்கொள்வதாக மொந்தானோ சார் எழுதியே கொடுத்திருந்தார். காது கேட்காத ஒருத்தி டீச்சராவது அந்தப் பள்ளியில் அதுதான் முதல் தடவை. மற்ற இருபத்தொரு பேருக்கும் இழக்க ஒன்றுமில்லை, இவளுக்கு இருக்கிறது. நாளைக்கு விசாரணை வந்தால் அன்செல்மாவின் பை மட்டும் கட்டியபடி இருக்கட்டும், அவளுக்கு இதில் சம்பந்தமில்லை என்று ஆகட்டும் என்று ருபிங் தானாகவே முடிவு கட்டினாள். இருபத்தொரு ஜோடிக்குச் சாக்குத் தையல். அன்செல்மாவின் ஜோடிக்கு மட்டும் அரிசித் தையல், முடிச்சு மேல் முடிச்சு. சந்தேகம் வராமலிருக்க அதிலும் ஒரு நுனி நூலை நீளமாக விட்டுவைத்தாள். இழுத்தால் வராத நூல்.

பதினான்காம் தேதி சாபெல் அக்கா பைகளைப் பரிசோதித்தாள். ஒவ்வொன்றாகத் திருப்புவது கேட்டது.

"நூல் நுனிய வெட்ட மறந்துட்டியே."

"மறந்துட்டேன் அக்கா."

"நாப்பத்து நாலுலயுமா?"

அறையில் இருந்த பத்துப் பெண்களும் ஊசியை நிறுத்திவிட்டார்கள். வெற்றிலை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. மெதுவாக, யோசித்து மெல்கிற சத்தம். பிறகு சாபெல் அக்கா பைகளைக் கூடையில் போட்டாள். "இந்த வயசுலயே இவ்வளவு மறதியா உனக்கு? உருப்பட்ட மாதிரிதான்," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

செனட்டர்கள் மூன்று பேர் வந்தார்கள். பேசியது ஒருவர்தான், தும்லாவ் என்று பெயர். நகராட்சித் தலைவர் வீட்டில் முழுப் பன்றி வறுவல் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். ஏப்பம் நாலு வரிசை தள்ளிக்கூடக் கேட்டது. ஊர்க்காரர்களும் வந்து மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் இடது பக்கம் கண் தெரியாத பெண்களின் பாட்டுக் குழு, முன்வரிசையில் ருபிங். வலது பக்கம் இருபத்திரண்டு பெண்கள், மடியில் வெள்ளைப் பைகள்.

"மாண்புமிகு செனட்டர் அவர்களே," என்றார் மொந்தானோ சார், "இந்தக் கைகளைப் பாருங்கள். எல்லாம் உறைக்குள் இருக்கின்றன. இனி நீங்கள் கேட்கப் போவது சைகை அல்ல, மனிதப் பேச்சு."

அன்செல்மா எழுந்து நின்றாள். கேட்கப் போகும் மூன்று கேள்விகளும் மூன்று வாரமாக ஒரே வரிசையில் பழக்கியவை. உன் பெயர் என்ன, உன் ஊர் எது, நீ எதை நேசிக்கிறாய். மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். ருபிங்குக்கு அந்தக் குரல் என்றைக்குமே ஒட்டியதில்லை. கையில் அன்செல்மா அடிக்கும் கேலி என்ன, போடும் சண்டை என்ன! வாயில் வருவதோ செருப்பு கடிக்கிற காலோடு நடக்கிற நடை. ஆனாலும் கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. ருபிங் சந்தோஷப்பட்டாள். துணை ஆசிரியை வேலை கைக்கு வந்த மாதிரிதான்.

"பலே," என்றார் தும்லாவ். "அந்தக் கடைசிக் குட்டிப் பொண்ணு பேசுமா?"

மொந்தானோ சார் தொண்டையைக் கனைத்தார். "ஆரம்ப நிலைதான். இருந்தாலும்... நிதா, சொல்லு. அம்மா. அம்மா."

யாரோ நிதாவை எழுப்பி நிறுத்தினார்கள். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறந்ததிலிருந்து ஒரு ஒலியும் கேட்டிராத குழந்தை, தொண்டையை எங்கே திறப்பது எங்கே மூடுவது என்று தெரியாமல் முழுப் பலத்தோடு எழுப்பிய சத்தம்.

"ஐயோ, கன்னுக்குட்டி பால் கேக்குது, யாராச்சும் அவுத்து விடுங்கப்பா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபம் வெடித்துச் சிரித்தது. செனட்டரும் சிரித்தார்.

கடைசிப் பாட்டு முடியும்வரை காத்திருப்பது என்றுதான் ஏற்பாடு. ருபிங் காத்திருக்கவில்லை. உடம்பில் இருந்த அத்தனை ரத்தமும் காதுக்கு ஏறியது. எழுந்து நின்று வலது காலைத் தூக்கிப் பலகையில் இறக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

முதலில் சின்னதாக, பிறகு மேடை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. சர்ர், சர்ர், சர்ர். அடுப்பு மூலையில் அம்மாவின் மடியருகே உட்கார்ந்து கேட்ட அதே சத்தம். நாற்பத்திரண்டு பைகள். சிரிப்பு அங்கங்கே அறுந்து நின்றது. எல்லாம் ஓய்ந்த பிறகு தனியாக இன்னொரு சத்தம் வந்தது. அது நூல் பிரிகிற சத்தமில்லை. நல்ல துணியைப் பல்லால் கவ்விக் கிழிக்கிற சத்தம், ஒரு தரம் பர்ரென்று, பிறகு இன்னொரு தரம். அன்செல்மாவின் பை மட்டும் ஏன் பிரியாமல் கிழிகிறது என்று அந்த மண்டபத்தில் ருபிங்குக்கு மட்டுமே தெரியும்.

அதன் பிறகு பேச்சு மூச்சில்லை. ருபிங்குக்கு எதுவும் தெரியவில்லை. துணி உரசல், கைகள் காற்றில் விசிறும் மெல்லிய ஓசை, அவ்வளவுதான்.

"என்னய்யா நடக்குது இங்க?" என்றார் செனட்டர். "நாப்பது கையும் சேந்து என்ன சொல்லுது?"

"ஒண்ணுமில்ல சார், பிள்ளைங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு... திரையை இழுங்கப்பா!"

"இழுக்காதீங்க!" ருபிங்கின் குரல் அவளுக்கே வெடிபோலக் கேட்டது. "கன்னுக்குட்டின்னு சிரிச்சீங்கல்ல? அவகிட்ட இப்பக் கேளுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க. பழக்கி வெச்ச கேள்வி இல்ல, உங்க வாயில வர்ற கேள்வி. நான் அவளுக்குச் சொல்றேன், அவ சொல்றதை உங்களுக்குச் சொல்றேன். நிதா எங்கே?"

நிதாவே ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குட்டிக் கை வியர்த்திருந்தது.

செனட்டர் நாற்காலி கிறீச்சிட முன்னால் சாய்ந்தார். "சரி. அவங்கப்பா என்ன தொழில்?"

ருபிங் எழுதினாள். பதில் உள்ளங்கையில் மழைத்துளி மாதிரி விழுந்தது. "மீன் பிடிக்கிறாராம். படகுக்குப் பச்சைப் பெயிண்ட். போன புயல்ல அதுல ஒரு பக்கம் போயிடுச்சாம், அதனால இப்ப மாமா படகுல போறாராம்."

"அடேங்கப்பா. வீட்டுல எத்தனை பேரு?"

"ஏழு பேரு. நாயைச் சேத்தா எட்டு. நாயைச் சேத்துக்கணும்னு சொல்றா."

மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

"ம். இப்ப என்னைப் பத்தி ஏதாவது சொல்லச் சொல்லு பாப்போம்."

எழுத்துகள் வந்தன. ருபிங் தயங்கினாள். நிதா பொறுமையில்லாமல் கடைசிச் சொல்லை இரண்டாம் தரம் எழுதினாள்.

"சொல்லும்மா."

"உங்க மீசையில பன்றித் தோல் ஒட்டியிருக்காம். வந்ததுலருந்து அதையேதான் பாத்துட்டு இருக்காளாம்."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி மண்டபம் சிரித்தது. செனட்டர் கைக்குட்டையை உதறி எடுத்து மீசையைத் துடைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவரும் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுக் கேட்டார்: "பேச்சு சொல்லித் தர்றாங்களே, அது அவளுக்குப் பிடிக்கலையா?"

இதற்குப் பதில் கொஞ்சம் மெதுவாக வந்தது. ருபிங் ஒவ்வொரு சொல்லையும் அப்படியே சொன்னாள். "பிடிக்கும். கத்துக்கிறேன். கையைக் கட்டாதீங்க."

புறப்படும்போது தும்லாவ் எந்த வாக்குறுதியும் தரவில்லை. அரசியல்வாதி தருவாரா? "பாக்கலாம், பாக்கலாம்," என்றார். ஆனால் காரில் ஏறும்போது, "ஜூன்ல மறுபடியும் வருவேன். அந்தக் குட்டி இருக்கணும். இந்த வாயாடியும் இருக்கணும்," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் சனிக்கிழமை லாரியில் ருபிங்கை ஏற்ற முடியாமல் போனது. அதற்காக மொந்தானோ சார் விட்டுவிடுகிற ஆளில்லை. மறுநாள் காலையிலேயே பழைய பைகள் நாற்பத்து நான்கும் ஒரு கூடையில் தையல் அறைக்கு வந்து சேர்ந்தன. பின்னாலேயே அவரும் வந்தார்.

"செனட்டர் ஜூன்லதான் வர்றாரு. அதுவரைக்கும் இது என் பள்ளிக்கூடம். இது எல்லாத்துலயும் இரட்டைத் தையல் போடணும். ஆண் பிள்ளைங்களுக்குப் புதுசா அறுபது. ருஃபினா, எடு ஊசியை."

"எனக்குத் தைக்கத் தெரியாது சார்," என்றாள் ருபிங்.

"என்ன?"

"மறந்துபோச்சு."

"திமிரா? சரி, நீ வேணாம். எபிஃபானியா, நீ எடு."

"எனக்கும் தெரியாது சார்."

"போன மாசம் கவர்னர் சம்சாரத்துக்கு மேசை விரிப்பு தைச்சது யாரு?"

"யாருன்னு பாக்கலியே சார். எனக்குக் கண்ணு தெரியாதுல்ல."

வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனார். பதினொரு பேருக்கும் ஊசி என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஒருத்தி ஊசியை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, இது மீன் முள்ளா என்று பணிவாகக் கேட்டாள். கடைசியில் அவர் சாபெல் அக்காவிடம் திரும்பினார். "நீங்களாவது..."

சாபெல் அக்கா ஜன்னல் வழியாக வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். "எனக்கும் கண்ணு மங்கிட்டு வருது சார். இந்த ரூமுக்கே அப்படி ஒரு ராசி போலருக்கு."

மொந்தானோ சாரின் காலடிகள் தாழ்வாரம் முழுக்க ஓங்கி ஓங்கி விழுந்து தேய்ந்தன. பதினொரு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ருபிங்கால் சிரிக்க முடியவில்லை. நேற்று மேடையிலிருந்து இறங்கியது முதல் அன்செல்மா அவள் பக்கமே வரவில்லை. மூன்றாவது தூணடியில் நீட்டிய கை வெறுங்கையாகத் திரும்பியது.

சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், மற்றவர்கள் எழுந்து போன பிறகு, குதிகால் தேயும் சத்தம் கேட்டது. ருபிங் அவசரமாகக் கையை நீட்டினாள். நகம் பதிய எழுத்து வந்தது.

"ஏன்?"

"உன் வேலை போகக்கூடாது."

"போச்சு. இன்னிக்குச் சொல்லிட்டார்."

ருபிங் எழுதினாள். "கிழிக்காம இருந்திருந்தா..."

"என்னைக் கேட்டியா?"

"உன் நல்லதுக்குத்..." என்று எழுதிக்கொண்டே வந்த விரல் பாதியில் நின்றது. அந்தச் சொல் யாருடைய வாயிலிருந்து வந்தது என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பித்தான் பை என்று மொந்தானோ சார் இவளிடம் பொய் சொன்னார். சாக்குத் தையல் என்று இவள் அன்செல்மாவிடம் பொய் சொன்னாள். இருவரும் கட்டியது அதே கையைத்தான். ருபிங்குக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அன்செல்மா கூடையிலிருந்து ஒரு ஜோடிப் பையை எடுத்தாள். ருபிங் முதலில் தைத்த பைகள், கெட்டித் தையல். ருபிங்கின் வலது கையைப் பிடித்து ஒரு பைக்குள் விட்டுச் சுருக்கை இழுத்தாள். பிறகு இடது கை. முடிச்சுப் போட்டாள். ருபிங் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மேசை விளிம்பு காணாமல் போனது. ஊசிப்பெட்டி, ஜன்னல் சட்டம், தன் மடியில் கிடந்த துணி எல்லாமே போய்விட்டன. கன்னத்தில் ஓடிய கண்ணீரைத் துடைக்கப் போனால் துணி மொத்தை மூக்கில் இடித்தது. கதவு எந்தப் பக்கம் என்றுகூடக் குழம்பியது. கைதான் தனக்குக் கண் என்று அவள் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள். அது இல்லாமல் இரண்டு நிமிடம் இருந்து பார்த்ததில்லை. "அன்செல்மா!" என்று கத்தினாள். வாய் இருந்தது, குரலும் இருந்தது. கேட்க வேண்டியவளுக்குக் காது இல்லை. நிதா அந்த மேடையில் நின்றது இப்படித்தான்.

மணி அடித்தபோது சுருக்குகள் தளர்ந்தன. வலது கை வெளியே வந்தது, இடது கையும் வந்தது. அன்செல்மா அவள் முகத்தைத் தன் பாவாடை நுனியால் அழுத்தித் துடைத்தாள். பிறகு உள்ளங்கையை விரித்து எழுதினாள்.

"இப்பக் கேளு."

நேற்றைக்கும் முன்னால், அந்தத் தட்டுத் தொட்டியருகே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ருபிங் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். "உனக்கு என்ன வேணும்?"

அன்செல்மா யோசிக்கவே இல்லை.

"கத்தரிக்கோல்."

ருபிங் எழுந்து சுவரில் ஆணியில் தொங்கிய பெரிய கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் வைத்தாள். பிறகு கூடையைக் காலடிக்கு இழுத்துக்கொண்டு, தான் தைத்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். நாற்பத்து நான்கு முறை நீட்ட வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர்கள் இருவரும் சாப்பிடப் போக நேரமாகிவிட்டது.